எச்சம்

அரைமணி நேரம் எதுவும் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது,
பிறகு கோடு வரைக்கும் துப்ப வேண்டும்.
நுரை கணக்கில் சேராதாம்.
இரவுப்பணி முடித்து வந்த வாய்
வின்னிப்பெக்கின் ஜனவரி போல வறண்டு கிடந்தது.
அடுப்படியில் ஹெர்மி
சினிகாங்குக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.
அந்த வாசம் போதுமாயிருந்தது.
நாக்கின் அடியிலிருந்து
திமுதிமுவென்று வந்தார்கள் என் முன்னோர்,
கோட்டைத் தாண்டி
என் கட்டைவிரலிலும் ஒரு சொட்டு.

"எச்சிலுக்கா எழுபது டாலர்?"
ஆல்பாயிலிருந்து தம்பி எஃப்ரென் திட்டினான்.
தள்ளுபடி விலை என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து அவனே அழைத்து
"ஸ்பெயின் எவ்வளவென்று மட்டும் சொல்" என்றான்.
அவன் மூக்கின்மேல் அவனுக்கு அப்படியொரு நம்பிக்கை.

ரெல்யோசா எங்கள் குடும்பப் பெயர்.
எந்தக் காலத்திலோ ஒரு கவர்னர்
பெயர்ப்பட்டியலைக் கிழித்து ஊர்களுக்குப் பங்கு போட்டபோது
எங்களுக்கு விழுந்தது ஆர் என்ற ஓர் எழுத்து.
மீன் விற்றவன் ஆர். கோவில் மணி அடித்தவன் ஆர்.
அவனுடைய சேவலைத் திருடியவனும் ஆர்.

ஆறு வாரம்.
பிலிப்பைன்ஸ் எண்பத்தொன்பது. தென்சீனம் பதினொன்று.
ஸ்பெயின், ஒரு பேச்சுக்குக்கூட இல்லை.
எஃப்ரென் ஒன்றும் சொல்லவில்லை.
போனின் அந்தப் பக்கம்
மூக்கைத் தடவிப் பார்த்திருப்பான்.

சிரித்துக்கொண்டே விரலால் கீழே தள்ளினேன்.
உறவினர் பட்டியலில் முதல் வரி:
மார்வா ரெல், கெச்சிகன், அலாஸ்கா.
ஆறு சதவீதம்.

அனாக்லெட்டோ என்று ஒருவர் இருந்தார்,
தாத்தாவின் தம்பி.
சால்மனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு
முப்பத்தொன்றில் கப்பலேறினார்.
இரண்டு கடிதம், ஒரு மணியார்டர்.
பிறகு கடல் கொண்டுவிட்டதாக வீட்டில் முடிவு செய்தார்கள்.
வருடா வருடம் நவம்பர் முதல் தேதி,
கல்லறை இல்லாதவர்களுக்கான பெரிய சிலுவையடியில்
அவருக்கொரு மெழுகுவர்த்தி.
உருகி வழிந்ததைச் சூடாறுமுன் சுரண்டி
நானும் எஃப்ரெனும் பந்து உருட்டுவோம்.
ஒரு வருடம் எலுமிச்சை அளவுக்கு வந்தது.

மார்வா எழுதியிருந்தாள்:

அப்பா தொண்ணூற்றிரண்டில்தான் போனார்,
தன் கட்டிலில், ரேடியோ பாடிக்கொண்டிருக்க.
அம்மா ட்லிங்கிட் இனத்தவள்.
வரிசையில் ஆள் அதிகம், நேரமில்லை என்று
ஆலைக் கணக்கர் பெயரில் பாதியை வெட்டிவிட்டாராம்.
உங்களை எங்களுக்குத் தெரியும்.
அதாவது, நீங்கள் எல்லோரும் செத்துப்போனது தெரியும்.
ஒரே இரவு, ஒரே புயல், கூரை ஒன்றுகூட மிஞ்சவில்லை
என்று அப்பா சொல்லுவார்.
ஒவ்வொரு கோடையிலும் முதல் மீன் வந்ததும்
உங்கள் பங்கை நெருப்பில் இடுவோம்.
நீ யார்?

தட்டச்சு செய்து செய்து அழித்தேன், இரண்டு இரவு.
எஃப்ரென் கொதித்தான்.
"எத்தனை மெழுகுவர்த்தி! எத்தனை பூசைக்காசு!"
ஹெர்மி புயல்களின் வருடங்களைத் தேடிப் பார்த்தார்.
எந்தப் புயலும் பொருந்தவில்லை.

நான் தேடவில்லை.
சம்பளம் வந்த மறுநாள் ஊருக்குப் பணம் அனுப்பி,
"இவ்வளவுதானா" என்ற குரலைக் கேட்டுவிட்டு
பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் நான்.
அந்தப் புயல் எங்கே உருவானதென்று
எனக்குக் கொஞ்சம் தெரியும்.
எனக்குள்ளும் சில இரவுகளில்
காற்று எழும்.

கடைசியில் நான் யாரென்று ஒரு வரி எழுதி,
பெயரை முழுசாகப் போட்டு,
கீழே கேட்டேன்:
எங்களுக்கு என்ன மீன் வைத்தீர்கள்?

உடனே வந்தது பதில்.
சிவப்பு சால்மன்.
வயிற்றுப் பக்கம், கொழுப்புள்ள துண்டு.
அப்பா அதில் மட்டும்
கஞ்சத்தனம் பண்ண விடமாட்டார்.