காலை அளத்தல்

ஏழுரோட்டில் வண்டிகளை நிறுத்துகிறவளிடம்
அதிகம் நிற்காதீர்கள் என்றார்
மதுரை டாக்டர்.
நான் சிரித்ததும்
சீட்டில் இன்னொரு வரி எழுதினார்:
முழங்கால் வரைக்கும் அழுத்தக் காலுறை.

கடையில் அளக்கும்போது மணி நாலரை.
இருட்டோடு மலையிறங்கி
வத்தலக்குண்டு வரை பஸ்ஸில் நின்று
அப்புறம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து
ஆஸ்பத்திரி வராந்தாவில்
எழுபத்திரண்டாம் டோக்கனுக்குக் காத்து
பொங்கிப்போயிருந்த காலை
அந்தப் பையன் அளந்தான்.
லார்ஜ் என்றான்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு
என் அசதியின் அளவை வாங்கிக்கொண்டு
மலையேறினேன்.

மே மாதம். மலர்க் கண்காட்சி.
காக்கி பேண்ட்டுக்குள்
பதினோரு மணிக்கே அது நழுவத் தொடங்கிவிடும்.
மடிந்து, சுருண்டு, கயிறாகி
கெண்டைச் சதையில் உட்கார்ந்துகொள்ளும்.
குனிந்து இழுத்துவிட முடியாது.
ஏரிப் பக்கமிருந்து நாற்பது வண்டிகள்
என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.
ஒரு வேன்காரர் தலையை நீட்டி
தூண்பாறைக்கு எப்படி மேடம் என்கிறார்.
கையை நீட்டுகிறேன்.
கால் நீட்டத்தான் இடமில்லை.

ராத்திரி கழற்றினால் சிவப்பாக ஒரு வளையம்.
கொலுசு போட்ட மாதிரி இருக்கு என்றான் சவரி.
நான் சிரிக்கவில்லை.
அவனும் அதோடு விட்டுவிட்டான்.
குப்பையில் கிடந்த அட்டைப்பெட்டியை எடுத்து
உள்ளே மடித்திருந்த தாளை
கண்ணாடி போட்டு வாசித்தான்.
படுக்கையை விட்டு எழும் முன்.
பாதம் தரையில் படும் முன்.

ஐந்து மணிக்கு டேப் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.
கணுக்கால் இருபத்தொன்று.
கெண்டை முப்பத்துநாலு.
குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புக்கு முப்பத்தெட்டு.
மன்னவனூர் கேரட் மூட்டைக் கணக்குக்குக் கீழே
என் கால் எழுதப்பட்டது.

பதினாறு வருஷத்தில்
லைட்டைப் போட்டு இந்த நரம்புகளை
அவன் பார்த்தது இல்லை.
ஊதாவும் பச்சையுமாய்
புடைத்து வளைந்து வளைந்து இறங்குவதை
கொண்டை ஊசி வளைவு என்று சொல்லிவிடுவானோ என்றிருந்தது.
டேப்பைச் சுருட்டி வைத்தான்,
அவ்வளவுதான்.

போட்டதைத் திருப்பி எடுக்க மாட்டோம் அக்கா என்று
போனில் சொன்னான் கடைப் பையன்.
மறுபடி பணம்.
மீடியம், பஸ் பார்சலில் வந்தது.

அதைப் போடுவது
சீருடை போடுவதைவிடப் பெரிய வேலை.
குதிகால் பை வரைக்கும் உள்ளே வெளியாகத் திருப்பு.
விரலை விடு. குதியை உட்காரவை.
மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்று.
நகம் பட்டால் போச்சு.
கேரட் கழுவ வாங்கி வைத்த
புது ரப்பர் கையுறையைக் கொடுத்தான் சவரி.
உள்ளங்கையில் சொரசொரவென்று பிடிப்பு.
இழுக்காதே, தடவி ஏற்று என்றான்,
மண் ஒட்டின கிழங்கைப் பற்றிப் பேசுகிற குரலில்.
மேல் விளிம்பை மட்டும் மடிக்கவே கூடாது.
முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும்.

நின்றது.
மதியம் வரை, அப்புறம் சாயங்காலம் வரை.
சுகம் என்று சொல்ல மாட்டேன்.
யாரோ காலைப் பிடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி,
கெட்டியாக, ஆனால் கோபமில்லாமல்.

தோய்த்தால் இந்த மூடுபனியில்
இரண்டு நாள் காயாது.
அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே என்கிறது தாள்.
அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

பழைய லார்ஜ் சும்மா கிடந்தது.
மூஞ்சிக்கல்லில் நிற்கிற தவமணிக்கு
விடியற்காலையில் அளந்து பார்க்கச் சொன்னேன்.
என் நாலரை மணிக் கால்தான்
அவளுடைய ஐந்து மணிக் கால்.
அச்சாகப் பொருந்திவிட்டது.

நேற்று, நெரிசல் உச்சத்தில்
வாக்கிடாக்கியில் கேட்டேன்:
மூஞ்சிக்கல், சுருளுதா?
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு,
இல்லக்கா, நிக்குது. ஓவர்.