ஆறாம் வரிசை

காட்டு எல்லைக் கல்லில் தொடங்கி
நாடா பிடித்து நடந்தோம்.
ஒரு முனை என்னிடம்,
மறுமுனை வாட்சர் பட்டுராஜனிடம்.
பச்சையாற்றுக் கால்வாய் தாண்டி
செங்கல் சூளை தாண்டி
களக்காட்டுக்கு இந்தப் பக்கம்
ஆவுடைத்தங்கத்தின் ஏத்தன் தோட்டத்தில்
ஐந்தாம் வரிசைக்கும் ஆறாம் வரிசைக்கும் நடுவே
மூன்று கிலோமீட்டர் முடிந்தது.
ஒரு வேப்பங்குச்சியை ஊன்றினேன்.

குச்சிக்கு மேற்கே பன்றி நின்றால்
விரட்டலாம், கூண்டு வைக்கலாம், மனு எழுதலாம்.
கிழக்கே நின்றால்
சுடலாம்.

"அதுக்கு யாரு சார் சொல்லிக் குடுக்கது?"
என்றாள் ஆவுடைத்தங்கம். சிரிக்கவில்லை.
குலை தள்ள இருபது நாள் இருந்த
இருநூற்றுப் பதினான்கு வாழை
கிழங்கு பிளந்து கிடந்தன அவள் பின்னால்.
வேலி நெடுக
பழைய சேலை கட்டிப் பார்த்தாளாம்.
சலூனிலிருந்து மூட்டை மூட்டையாய்
முடி வாங்கித் தூவினாளாம்;
தும்மிவிட்டு உள்ளே வந்ததாம்.
அழுகல் முட்டைக் கரைசல் தெளித்ததில்
"நாலு நாள் நாங்கதான் சோறு திங்க முடியல."

கூட்டத்தில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள்:
நாற்பது, நூறு, முந்நூறு.
நான் எண்ணியதோ குளம்புத் தடம்.
ஒன்றே பத்துமுறை நடந்திருக்கலாம்.
"சிறுத்த எறங்குனா பன்னியத் தூக்கும்லா?"
"அப்பொ சிறுத்தய யாருவே தூக்குவா?"
டீ வந்தது.
தீர்மானம் போட்டார்கள்.

சேரன்மாதேவியிலிருந்து துப்பாக்கிக்காரர் வந்தார்.
கையில் குடையும் இருந்தது. மழை இல்லை.
இரண்டு மணி சுமாருக்கு
வாழைச்சருகு பேச ஆரம்பித்தது.
முன்னால் ஒரு பெட்டை.
பின்னால் முதுகில் வரிபோட்ட குட்டிகள்
ஏழோ எட்டோ.
மூக்கால் மண்ணை வாசித்துக்கொண்டே
குச்சிவரை வந்தது.
முகர்ந்தது.
பிடுங்கிப் போட்டது.

துப்பாக்கிக்காரர் என்னைப் பார்த்தார்.
நான் இருட்டில்
தண்டுகளை எண்ணினேன்,
ஒன்று, இரண்டு,
சாய்ந்ததைச் சேர்ப்பதா விடுவதா.
"ஆறாம் வரிசை" என்றேன்.

குட்டியோடு வருவதைச் சுடக் கூடாதென்று
பயிற்சியில் சொன்னது
சத்தம் அடங்கிய பிறகு ஞாபகம் வந்தது.

இனம்: காட்டுப்பன்றி.
பால்: பெண்.
எடை: சுமார் அறுபது.
குட்டிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கோணிப்பையோடு நின்ற இரண்டு பையன்கள்
மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்ததும்
ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள்.
ஆறடி தோண்டி, ஊற்றி, மூடினோம்.

மூன்றாம் நாள் காலை போனேன்.
புதைத்த இடத்து இளமண்
சின்னச் சின்ன மூக்குகளால் கிளறிக் கிடந்தது.
புழுவுக்காக இருக்கும்.
புழுவுக்காகத்தான் என்றான் பட்டுராஜனும்.

ஆவுடைத்தங்கம் கை நீட்டிக் காட்டினாள்:
"நீங்க குழி வெட்டுனதுல
சாஞ்சது மூணு வாழ.
அத எந்தக் கணக்குல சார் எழுதுவிய?"