பன்னிரண்டு மிச்சம்

அலாரம் அடித்தபோது மணி இரண்டே முக்கால்.
பாஸ்போர்ட் மேசை இழுப்பறையில்,
சம்பளச் சீட்டுகள் அதன் அடியில்.
கை போனது கதவுக் கொக்கிக்கு.
அங்கே தொங்கியது கேமரா.
ஏன் அதை என்று
பிறகு பலரும் கேட்டார்கள்.
தெரிந்தால் சொல்லமாட்டேனா?

மெயின் ஸ்ட்ரீட் அடகுக் கடையில்
ஒலெக்சா அதைத் தராசில் வைத்தே காட்டினான்:
லென்ஸோடு ஒரு கிலோவும் சொச்சமும்.
பத்திரிகைக்காரர் ஒருவர்
இருபது வருஷம் ஹாக்கி எடுத்ததாம்.
கறுப்பு உதிர்ந்த மூலைகளில் பித்தளை பல்லிளித்தது.
"பேட்டரி கிடையாது" என்றான்,
"அதனால் சாக்குப்போக்கும் கிடையாது."

வின்னிபெக். ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
குழாய் பீய்ச்சிய தண்ணீர்
சுவரில் பட்டதும் பனிக்கட்டி.
மேல்மாடி எரிய, கீழ்மாடி உறைய,
ஒரே கட்டடம்
இரண்டு பக்கமும் சாட்சி சொன்னது.
என் ஜன்னலை எண்ணித்தான் கண்டுபிடித்தேன்,
இடமிருந்து ஐந்து:
விளிம்பில் பனி விழுதுகள், உள்ளே ஆரஞ்சு.

எல்லோர் கைபேசியும்
ஒவ்வொன்றாகக் கண்மூடின.
இது மட்டும் திறந்தது, மூடியது,
கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பாராத ஆள்போல.

எண்காட்டியில் இருபத்துநாலு.
பன்னிரண்டு மிச்சம்.

இந்தக் குளிரில் லீவரை மெதுவாக இழுக்கவேண்டும்,
இல்லையென்றால் ஃபிலிம் அப்பளமாய் நொறுங்கும்.
படித்திருந்தேன்.
கையுறை கழற்றிய விரல்
உலோகத்தில் ஒட்டி,
கொஞ்சம் தோலைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தது.
படித்தது யாருக்கு ஞாபகம்?
சரட்டென்று இழுத்தேன், மூன்று முறை.

நகராட்சி எங்களுக்கென்று ஒரு பஸ் அனுப்பியது.
எங்கும் போகாத பஸ்.
ஹீட்டர் முழங்க, முப்பது பேர், ஒரு பூனை.
இரண்டாம் மாடி அர்செனியோ
மடியில் ரைஸ் குக்கரோடு உட்கார்ந்திருந்தார்,
வயர் வாலாய்த் தொங்க.
"சூடாக இருந்தது,
விட்டுவர மனசில்லை."
மூடியைத் திறந்தார். ஆவி.
முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.
கரண்டி இல்லை.
அவருக்கும் எனக்கும் அது பழக்கம்;
மற்றவர்கள் எங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

புரை விழுந்த கண்ணாய் மங்கிய லென்ஸைச்
சட்டை நுனியால் துடைத்தேன்.
பஸ் வெளிச்சம்தான்;
முப்பதில் ஒரு நொடி போதும் என்று
ஒரு குத்துமதிப்பு. மூச்சைப் பிடித்து
ஒன்பது படம்.
பிறகு லீவர் பாதியில் நின்றது.
நின்றால் நின்றதுதான்,
அதனிடம் கெஞ்ச முடியாது.

பிப்ரவரியில் காப்பீட்டுக்காரர், திருமதி ஃபூர்னியே,
போன பொருள்களுக்கு ஆதாரம் கேட்டார்.
ரசீதெல்லாம் போன பொருள்களோடு.
ஷட்டர் சரியா என்று பார்க்க
முந்தின வாரம் வீட்டுக்குள் சும்மா சுட்ட
இருபத்துநாலைக் கொடுத்தேன்.
கெட்டில். காயும் ஜீன்ஸ்.
முழங்கால் உயரப் புத்தகங்கள்.
மறுபடியும் கெட்டில், கொஞ்சம் இருட்டாக.
ஒன்றிலும் கலை இல்லை.
ஒவ்வொன்றுக்கும் விலை போட்டார்.

அடுத்த படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
எரியும் கூரைக்கு மேலே
இலையில்லாத மரம்போல் வெள்ளைக் கிளைகள்.
"அன்று மின்னலும் அடித்ததா?"

இல்லை.
வறண்ட குளிரில் ஃபிலிம் உரசிய பொறி.
என் அவசரம்
கேமராவுக்குள்ளேயே அடித்த மின்னல்.

அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.
படிவத்தின் கடைசிக் கட்டம்:
மீட்கப்பட்டவை.
கேமரா ஒன்று, என்றேன்.
கொஞ்சம் யோசித்து, ரைஸ் குக்கர்.
"உங்களுடையதா?"
இல்லை.
அவர் பேனா காத்திருந்தது.
சாப்பிட்டேன், என்றேன்.