இரும்பின் மேல் போட்ட பழி

அரை வருடமாகப் பழியெல்லாம் இரும்பின் தலையில்.
இரத்தம் குறைவு என்றார்கள், இரும்பு மாத்திரை தந்தார்கள்.
கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றார்கள்.
கறுப்பாகவே போனது. பயப்படவில்லை.
சொன்னபடி நடக்கிறதே என்று
கொஞ்சம் சந்தோஷம்கூட.

வாய்வழி ஒரு குழாய், கீழ்வழி ஒரு குழாய்.
இரண்டும் வாசலோடு திரும்பிய விருந்தாளிகள்.
வீடு சுத்தம் என்று எழுதிக் கொடுத்துப் போயின.
நடுவே ஆறு மீட்டர் வீடு
யாரும் கதவு தட்டாமல் கிடந்தது.

நான் வூப்பர்ட்டாலில் இரவு வேலைக்காரி.
ஆற்றுக்கு மேலே வௌவாலாய்த் தொங்கி ஓடும் ரயிலை
ஃபோவிங்கல் பணிமனையில் கழுவுகிறவள்.
குடை, பால்புட்டி, ஒருதடவை ஒரு முழுப் பல்செட்.
எல்லாம் இருக்கையின் இடுக்கில்தான் இருக்கும்.
நின்றுகொண்டே பார்ப்பவருக்கு
எந்தப் பெட்டியும் வெறும் பெட்டிதான்.

வாளி தூக்கினால் மூச்சு வாங்கியது.
குல்சும் என் கீழிமையை இழுத்துப் பார்த்து
"உள்ளே யார் வெள்ளையடித்தது?" என்றாள்.

காப்ஸ்யூல் விழுங்க ஒரு கிழமை இருக்கும்போதே
மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்.
முதல் நாளும் கறுப்பு. பழைய மிச்சம் என்றிருந்தேன்.
மூன்றாம் நாளும்.
ஐந்தாம் நாளும் தார்.
குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
இரும்பிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தாதி உல்ரிக்கே என் பெயரின் பாதியில் களைத்து
ஃப்ராவ் நவா என்று முடித்துக்கொண்டாள்.
வயிற்றில் எட்டு ஒட்டுகள், இடுப்பில் ஒரு பெட்டி,
உள்ளங்கையில் பேரீச்சங்கொட்டை அளவில் ஒரு கேமரா.
விழுங்குமுன்பே அது கண் சிமிட்டிக்கொண்டிருந்தது,
நொடிக்கு இரண்டு தரம்.
ஏழு ஐம்பது. ஒரு மிடறு தண்ணீர்.
"வீட்டுக்குப் போங்கள், பின்னேரம் வாருங்கள்."

வீட்டுக்குப் போகவில்லை.
பகலில் நான் இந்த ரயிலில் ஏறியதே இல்லை.

இடுப்பில் பெட்டியும் வயருமாய் ஒருத்தி.
ஒரு காலத்தில் ஒரு நாட்டில்
ஒவ்வொரு சோதனைச்சாவடியும் தேடிய உருவம்.
இங்கே எதிரில் இருந்த சிறுவன் மட்டும் பார்த்தான்.
"என்ன அது?"
"படம் பிடிக்கிறேன்."
"எதை?"
கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

இருபது நிலையம். முனைக்குப் போய், திரும்பி, மறுபடி.
வளைவுகளில் ரயில் ஆடும்போது
உள்ளே போகிறவன் எந்த வளைவில் நிற்கிறானோ என்றிருந்தது.
அவனுக்கு நிலையப் பெயர்கள் இல்லை.
அறிவிப்பும் இல்லை.
தான் கொண்டுபோகும் வெளிச்சத்தைத் தவிர
வேறு விடியல் இல்லை.

எட்டு நாள் கழித்து டாக்டர் ஹில்லபிரெஹ்ட்
திரையை என் பக்கம் திருப்பினார்.
ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சம் படம்.
இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தாராம்.
ரோஜா நிற வெல்வெட், ரோஜா நிற வெல்வெட்,
பிறகு, குரும்பட்டி போல ஒரு கட்டி.
உச்சியில் நகம் கீறிய குழி.
குழியிலிருந்து ஒரு சிவப்பு இழை,
அவசரமே இல்லாமல்.

மொத்தம் பதினொரு படம்.
ஐந்தரை நொடியில் கடந்துவிட்டது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
நான் எந்தப் பாடமும் படிக்கவில்லை.
வயிறு தானாகவே கற்றிருக்கிறது.

வெட்டி எடுக்கலாம், என்றார். அடுத்த மாதம்.
நல்லதா கெட்டதா என்பதை எடுத்த பிறகுதான் சொல்வார்கள்.
கேமராவைத் திருப்பித் தர வேண்டாமாம்.

படத்தின் மூலையில் நேரம் இருந்தது:
விழுங்கி இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம்.
வெளியே வந்து விரலில் எண்ணிப் பார்த்தேன்.
பத்து நாற்பத்தொன்று.

வெர்தர் பாலம் தாண்டி
வெயில் பெட்டியின் தரைவரை இறங்கிய நேரம்.
எதிர் இருக்கையின் அடியில்
ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை.
என் வேலை நேரம் இல்லை.
இருந்தும் குனிந்து எடுத்தேன்.

இன்று அதைத் தொலைந்த பொருள் அலுவலகத்தில் கொடுத்தேன்.
படிவத்தில் கேட்டார்கள்:
எங்கே கிடைத்தது?
அடியில், என்று எழுதினேன்.