பெருக்கல் குறி

போர்த்தோ குடும்ப நீதிமன்றத்தில்
உலோகம் சோதிக்கும் வாசல் என்னுடையது.
சாவி, சில்லறை, பெல்ட் எல்லாம் தட்டில் என்பேன்.
பதினோரு வருஷமாகக் கோட்டுப் போட்ட ஆண்களை
வரும்போது முகமாகவும்
போகும்போது முதுகாகவும் பார்க்கிறேன்.

முகத்தை அவர்களே சரிசெய்துகொண்டு வருவார்கள்,
டிராம் ஜன்னலிலோ தேங்கிய மழையிலோ பார்த்து.
முதுகை யாரும் பார்ப்பதில்லை.
அது என் பங்கு.

கடைசிப் பொத்தானையும் போட்டுவிடுகிறார்கள்,
கதவைப் பூட்டியபின் இழுத்துப் பார்க்கிற மாதிரி.
போன வாரம் ஒரு மீன் மொத்த வியாபாரி
மூச்சுவிட்டதும் அது தெறித்து
என் தட்டில் விழுந்தது.
உலோகமில்லை; இயந்திரம் வாய் திறக்கவில்லை.

இன்னொருவர் பெல்ட்டைக் கழற்றினார்.
உள்ளே தோள்வார் இரண்டு.
அவற்றையும் நம்பாமல்
கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.
அவருக்கு அன்று ஜீவனாம்ச வழக்கு.

வக்கீல் கொன்ராதோவுக்கு டையும் கைக்குட்டையும்
ஒரே துணி, ஒரே பெட்டி, ஒரே புள்ளி.
அதைச் சொல்ல எனக்குச் சம்பளமில்லை.

செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.
பெல்மீரோ வந்தார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
சனிக்கிழமைகளைக் கேட்க வந்திருந்தார்.
மகளின் எல்லாச் சனிக்கிழமைகளையும் அல்ல,
ஒன்றுவிட்டு ஒன்று.
கோட்டின் தோள் அவர் தோளைவிட
இரண்டு விரல் தள்ளிப் போய் நின்றது.
சம்மனைப் பையில் வைக்கப் பார்த்தார்.
பையின் வாய் தைத்திருந்தது.
"சும்மா அழகுக்கு வைத்த பை போல," என்று சிரித்தார்.
இடது மணிக்கட்டில் கம்பெனி லேபிள்.

திரும்பினார்.
பின்பிளவில், கறுப்புத் துணியில்,
வெள்ளை நூலால் ஒரு பெருக்கல் குறி.
கடையில் கசங்காமலிருக்கப் போடும் தையல்.
பள்ளிக்கூடத்தில் தப்புக் கணக்கின்மேல் போடுவார்களே,
ஏறக்குறைய அந்த அளவு.

என் இழுப்பறையில் வாங்கிவைத்த கத்தரிக்கோல்கள் உண்டு.
உரியவர் திரும்பும்வரை தொடக்கூடாது. விதி.
முப்பத்தொன்றாம் டோக்கன் சின்னது, நகம் வெட்டுவது.
எடுத்தேன்.

"லேபிள் இருக்கட்டும்," என்றார் அவசரமாக.
"ஞாயிறுவரை திருப்பி எடுத்துக்கொள்வார்களாம்."
"லேபிள் இல்லை. முதுகு."
கையைப் பின்னால் விட்டுத் துழாவினார்.
கப்பலிலிருந்து கொள்கலன் இறக்கும் கை.
எட்டவில்லை.
வாசலுக்கு வெளியே ஆறு பேர் நனைந்துகொண்டிருந்தார்கள்.
காதோடு சொன்னேன். கழுத்துவரை சிவந்தார்.
இரண்டு வெட்டு. துணி பெருமூச்சுபோல் விரிந்தது.
அவர் கொஞ்சம் நின்றார்.
பிறகு மணிக்கட்டை நீட்டினார்:
"இதையும்."

பன்னிரண்டரை மணிக்கு
முப்பத்தொன்றாம் டோக்கனை நீட்டினாள் ஒருத்தி.
கூட ஒரு சிறுமி, பெல்மீரோவின் காதுகளோடு.
கத்தரிக்கோலின் வாயில் வெள்ளை நூல் ஒரு துணுக்கு.
நான் ஊதித் தள்ளியிருக்க வேண்டும்.
அவள் நூலைப் பார்த்தாள்.
வெளிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்றும் இப்படியேதான் வந்து நின்றார்.
மாதாகோயில் வாசலில் குனிந்து
பல்லால் கடித்து எடுத்தேன்."

நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.
குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்டாள்.
காட்டினேன். அங்கே போனாளா, கவனிக்கவில்லை;
தட்டில் அடுத்தவரின் சாவி விழுந்துவிட்டது.

சனிக்கிழமைகள் யாருக்குப் போயின?
மாடியில் நடப்பது என்வரை இறங்கி வருவதில்லை.
வீட்டுக்குப் போகும் டிராமில்தான் நினைவு வந்தது:
அவர் கடைசிப் பொத்தானைப் போட்டிருந்தார்,
நான் சொல்ல மறந்துவிட்டேன்.