பதினெட்டாம் தடம்

கிண்ணியாப் பாலம் கடந்து
பிஸ்கற் பெட்டியில் வந்தது கொமடோர்.
கூடவே செங்கல் கனத்தில் அதன் டிரைவ்,
பொலித்தீன் சுற்றிய பதினொரு தட்டு.
மேசையில் இறக்கிவிட்டு ஹில்மியா சொன்னாள்:
"நல்லா ஓடவேணாம், வாசிச்சாக் காணும்."

மூடியின் நாலு திருகாணியில் மூன்று வந்தன.
நாலாவதை உப்புத் தின்றிருந்தது.
உட்துறைமுக வீதியில் கடை போட்டால்
வாடகை போக, காற்றுக்கும் ஒரு பங்கு.
துளைத்து எடுத்தேன்.

உள்ளே மோட்டார் ஓரம்
பல்லி முட்டை இரண்டு, பொரித்துப்போன கோது.
றப்பர்ப் பட்டி உருகிக்
கரும்பாகாய்ச் சில்லோடு ஒட்டிக் கிடந்தது.
தொட்ட விரல் மூன்று நாள் கறுப்பு.
அந்த விரலோடுதான் ஒரு கலியாணவீட்டில் சாப்பிட்டேன்.

அதைத் தலை என்பார்கள். கடுகளவுதான்.
பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு
பிள்ளையின் கண்ணில் பீளை எடுக்கிற அழுத்தத்தில்
ஒரே பக்கமாய்த் துடைக்க வேணும்.
முதல் குச்சி மண்ணிறம்.
அடுத்தது தேத்தண்ணி நிறம்.
ஐந்தாவது வெள்ளையாய்த் திரும்பி வந்தது.
மண்ணிறம் என்றது தட்டிலிருந்து உரிந்த பூச்சு:
யாரோ ஒரு பின்னேரம் தட்டிய இலக்கம்
என் குப்பைக் கூடையில்.

தட்டுகளில் பூஞ்சணம்.
உறையைக் கீறி, உள்ளிருந்ததை உருவி,
குழாயின் கீழே பிடித்தேன்.
"யா அல்லாஹ்!" வாயைப் பொத்தினாள் ஹில்மியா.
தண்ணீருக்குக் காந்தம் தெரியாது என்றேன்.
நம்பவில்லை.

சில்லின் முதுகில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்.
ரியூப்லைட்டின் கீழே சுழலவிட்டு
அவை அசையாமல் நிற்கிற இடம்தான் சரியான வேகம்.
இதற்காகவே ஒரு ரியூப்லைட்டைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்;
கடைச் சொந்தக்காரர் துரைரெத்தினம்
மாதாமாதம் கரண்ட் பில்லோடு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்.
கோடுகள் முன்னே நழுவின.
பின்னே நழுவின.
நின்றன.

பிறகு தலையை நேராக்கினேன்.
அளவுத் தட்டு முதல் தரத்திலேயே வாசித்தது.
ஒரு பெருமூச்சு விட்டு அவளுடையதைப் போட்டேன்.
டகடகடகடக,
பூட்டிய கதவில் நெற்றியால் முட்டுகிற சத்தம்.
பதினொன்றுக்கும் அதே சத்தம்.

இரவு படுக்கையில்தான் உறைத்தது:
எழுதுகிற நாளிலேயே இதன் தலை கோணல்.
கோணலாய் எழுதியது கோணலாய்க் கிடக்கிறது,
நான் நேராக்கியது
அதன் பக்கத்தால் நடந்து போகிறது.

காலையில் சரியான இடத்தில்
சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன்.
திருகாணியைத் தளர்த்தி
அரை மயிரளவு பின்னே தள்ளினேன்.
இன்னும் கொஞ்சம்.
பதினெட்டாம் தடத்தில் பெயர்ப்பட்டியல் இருக்கும்,
அங்கே போய்த் தயங்கி,
பிடித்துக்கொண்டது.

நீலத் திரையில் இங்கிலீசு எழுத்தில்
ஐஸ் கொம்பனிக் கணக்கு.
நூருல் பஹ்ர், பதினாலு கட்டி.
பத்திரகாளி துணை, ஆறு, பாக்கி.
முஹுது குமாரி, ஒன்பது.
செபமாலை, மூன்று, பாக்கி, பாக்கி.
எல்லாப் படகும் ஒரே வரிசையில்,
ஒரே ஐசில்.

ஹில்மியா கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தாள்.
கடைசித் தட்டு
தொண்ணூறாம் ஆண்டு ஆனி பத்தில் நிற்கிறது.
அதன் கீழே மெசின் தன் பாட்டில் சொல்கிறது:
நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள் காலி.
அந்த இலக்கத்தையும் அவள் எழுதினாள்.

வாசலில் ஒரு மான்
பிஸ்கற் பெட்டியின் மூடியைத் தின்றுகொண்டிருந்தது.
ஒருவரும் விரட்டவில்லை.

"எவ்வளவு?" என்றாள்.
பட்டி அறுநூறு, ஸ்பிரிட் இருநூறு என்று எழுதினேன்.
நேராக்கியதற்கு ஒரு தொகை.
நேராக்கியதைக் கலைத்ததற்கு
என்ன போடுவதென்று தெரியாமல்
பேனையின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சிவப்புக் கோட்டுக்கே திருப்பி வைக்கவா?"

அவள் கொப்பியை மூடினாள், திறந்தாள்.
"ஒருக்கா நில்லுங்க," என்றாள்,
"ரெண்டாம் தட்டை இன்னொருக்காப் பாப்பம்."