ஒன்றரை மீட்டர்

ஜவ்வரிசி ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஆறு நாளும் வெள்ளை.
மூட்டை வெள்ளை, தரை வெள்ளை,
சீட்டுக் கிழிக்கும் விரல்நுனி வெள்ளை.
ஞாயிறானால் முதல் பஸ்ஸில் ஏற்காடு ஏறிவிடுவேன்.

இந்த வாரம் மடியில் புது லென்ஸ்.
பத்துத் தவணை. ஒன்று கட்டியாயிற்று.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்,
"சாப்பாட்டுத் தூக்குங்களா?"

நாகலூர் தாண்டிக் காப்பித் தோட்டம்.
வேலிக்கு உள்ளே நீலமாய் ஒன்று,
சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை.
பழைய லென்ஸ் என்றால் குப்புறப் படுத்திருப்பேன்,
முழங்கையில் சேறு, கழுத்தில் எறும்பு,
என் மூச்சுப் பட்டே பூ ஆடும்.
இதற்குக் கிட்டே போனால் கண் தெரியாது.
ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லு என்கிறது,
ரேஷன் கடைக்காரர் குரலில்.

தள்ளி நின்றேன்.
வளையத்தைத் திருகத் திருக
எழுந்து வந்தது பூ:
இதழடியில் மயிர், மயிரில் மூன்று துளி,
ஒரு துளிக்குள் தலைகீழாக
சவுக்கோ சில்வர் ஓக்கோ, ஏதோ மரம்.

அப்போது பார்த்துக் காற்று.
நிற்கிறது. விரல் அழுத்துவதற்குள் ஆடுகிறது.
நாற்பது படம். நாற்பதும் நீலப் புகை.

"என்னத்தப் புடிக்கறீங்க?"
செடிகளுக்கு நடுவே இலஞ்சியம்
(பேர் பிறகுதான் கேட்டேன்),
கணுக்கால் அட்டைக்குப் புகையிலை தேய்த்தபடி.
காட்டினேன்.
"அதுவா."
"இதுக்கு என்ன பேருங்க?"
"களைதான்.
புதங்கெழம இந்த வரிசையில வெட்டு."

சொல்லிவிட்டு, நான் கேட்காமலே,
குனிந்து காம்பை இரண்டு விரலால் பிடித்தாள்,
நூல் கோக்க ஊசியைப் பிடிப்பதுபோல.
"ம், எடுங்க. மேஸ்திரி வர்றாரு."

ஒரே ஒரு படம்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பூ மங்கல்.
லென்ஸ் கவ்வியிருப்பது கட்டைவிரலை:
காப்பிக் கறை, நகத்தில் பிளவு,
பிளவுக்குள் செம்மண்,
ரேகைக்குக் குறுக்கே ஆறிப்போன ஒரு வெட்டு.

அழிக்க வேண்டிய படம்தான்.
நாற்பதை அழித்தேன். இது இருக்கிறது.

மேடையில் லாரி வந்து நிற்கிறது.
மொத்த எடை, வண்டி எடை,
கழித்தால் சரக்கு.
சீட்டில் தேதி போடுகிறேன்.
இன்று வியாழன்.